சாப்: தன் காரே தனக்குச் சொந்தமில்லாமல் போன ஒரு கம்பெனி

2011 டிசம்பர் 19 அன்று சாப் ஆட்டோமொபைல் நிறுவனம் ஸ்வீடனின் வேனர்ஸ்போரி மாவட்ட நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தது. நீதிமன்றம் அன்றைக்கே அதை ஏற்றுக்கொண்டது. ட்ரோல்ஹெத்தன் ஊரில் இருந்த ஆலையில் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே உற்பத்தி நின்றுபோயிருந்தது. சுமார் 3,500 பேரின் வேலை போனது.

கார் கம்பெனிகள் மூடப்படுவது புதிதல்ல. ஆனால் சாப் மூடப்பட்டபோது எழுந்த வருத்தம் வேறு மாதிரி. 2010 ஜனவரியில், கம்பெனியை மூடிவிடுவார்கள் என்ற செய்தி பரவியபோது, பல நாடுகளில் சாப் வைத்திருந்தவர்கள் தங்கள் கார்களை எடுத்துக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். கொட்டும் பனியில், வரிசை வரிசையாக. ஒரு தொழிற்சாலையைக் காப்பாற்றச் சொல்லி அதன் வாடிக்கையாளர்கள் தெருவில் இறங்குவது அடிக்கடி நடக்கிற காரியமா என்ன?

இவ்வளவு பிரியம் சம்பாதித்த கம்பெனி ஏன் பிழைக்கவில்லை? சாப்பை இருபது ஆண்டுகள் கையில் வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனியைக் காட்டி, "ஜெனரல் மோட்டார்ஸ் கொன்றுவிட்டது" என்பதுதான் சாப் ரசிகர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மை. ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் கார் விற்று ஒரு தனிக் கார் கம்பெனியை நடத்த முடியாது என்ற நிலை ஜெனரல் மோட்டார்ஸ் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் உயிரை எடுத்தது: காரின் அடித்தளம் (பல மாடல்களுக்குப் பொதுவான அடிச்சட்டம்), இன்ஜின், வரைபடங்கள், காப்புரிமை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்தவர் கைக்குப் போயின. காப்பாற்ற ஆள் வந்தபோது விற்கத் தன்னிடம் எதுவும் இல்லை. பணம் தீர்ந்தது அதற்கப்புறம்தான் என்பது என் முடிவு. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

விமானக்காரர்கள் செய்த கார்

சாப் 1937-ல் ஸ்வீடன் விமானப்படைக்குப் போர் விமானம் கட்டுவதற்காகத் தொடங்கப்பட்ட கம்பெனி. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ஒரு கேள்வி எழுந்தது. ஆர்டர் குறைந்தால் ஆலையையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? சின்னக் கார் செய்யலாம் என்று முடிவானது. குன்னார் யுங்ஸ்ட்ரோம் என்ற பொறியாளர் தலைமையில் பதினாறு பேர் கொண்ட குழு அமைந்தது. உருவத்தை வரைந்தவர் சிக்ஸ்டன் சாசோன்.

அவர்கள் செய்த முதல் மாதிரிக் காரைப் படத்தில் பார்த்தாலே புரிந்துவிடும், இது காரைப் பார்த்துக் கார் வரைந்தவர்களின் வேலை இல்லை என்று. விமான இறக்கையை நடுவில் வெட்டிப் பார்த்தால் தெரியும் வடிவம். சக்கரங்கள்கூடப் பாதி மூடியிருக்கும். காற்றுத் தடைக் கெழு சுமார் 0.30 (இந்த எண் குறையக் குறைய, காற்று காரைத் தடுப்பதும் குறையும்). 1940களில் இந்த எண்ணைக் கேட்டால் மற்ற கம்பெனிகள் நம்பியிருக்காது. கார் உலகம் பொதுவாக அந்த அளவுக்கு வந்து சேர இன்னும் 40 ஆண்டுகள் ஆயின.

1947 ஜூனில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். 1949 டிசம்பரில் சாப் 92 உற்பத்தி தொடங்கியது. 764 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், 25 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம். ஆரம்பத்தில் வந்த கார்கள் எல்லாமே பச்சை நிறம். டிக்கிக்கு மூடிகூட வெளியே கிடையாது. பின் சீட்டைத் தள்ளிவிட்டு உள்ளே இருந்துதான் சாமான் வைக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்துத்தான் மூடி வந்தது.

இந்தக் காரில் ஒரு சின்ன விஷயத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் சம்ப் கிடையாது. பெட்ரோலோடு கலந்துவிட்ட ஆயில்தான் உள்ளே இருக்கும் எல்லா பாகங்களுக்கும் வழவழப்பு. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? சக்கரங்கள் இன்ஜினை வேகமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் பெட்ரோல் வராது. பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் வராது. கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் இறுகிவிடும். இதற்கு சாப் செய்த ஏற்பாடுதான் பிரீவீல். காலை எடுத்ததும் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் உள்ள பிடிப்பு தானே விலகிவிடும். கார் உருண்டு போகும், இன்ஜின் தன் பாட்டுக்கு மெதுவாக ஓடும். சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதே, அதே தத்துவம்.

ஆனால் இன்ஜின் பிரேக்கிங் போய்விடும், வேகத்தைக் குறைக்க பிரேக் மட்டும்தான். ரேலி ஓட்டுநர் எரிக் கார்ல்சன் வேறு வழி பிடித்தார். வலது காலை ஆக்ஸிலரேட்டரிலேயே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் போட்டார். இன்ஜினின் வேகமும் விழாது, முன்சக்கர இயக்கக் கார் வளைவில் திரும்பவும் செய்யும். சக்தி குறைந்த அந்தக் காரை வைத்து 1960, 61, 62 என்று தொடர்ந்து மூன்று முறை பிரிட்டனின் ஆர்ஏசி ரேலியையும், 1962, 63-ல் மாண்டே கார்லோ ரேலியையும் வென்றார். சாப் என்ற பெயர் ஸ்வீடனுக்கு வெளியே பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

கையில் இருப்பதை வைத்து, குறையை மூளையால் ஈடுகட்டுவது. சாப்பின் நல்ல கார்கள் எல்லாவற்றிலும் இந்தக் குணம் இருந்தது.

இல்லாமையிலிருந்து வந்த டர்போ

1967-ல் அறிமுகமான 99, அதன் நீட்சியாக 1978-ல் வந்த 900. பலருக்கு சாப் என்றாலே இவைதான் நினைவுக்கு வரும். நன்றாக வளைந்த முன் கண்ணாடி, சீட்டுகளுக்கு நடுவே தரையை ஒட்டிச் சாவித் துளை, முன்பக்கமாகத் திறக்கும் பெரிய பானெட்.

பானெட்டைத் திறந்தால் இன்ஜின் பின்னோக்கித் திருப்பி வைத்ததுபோல் இருக்கும். கிளட்ச் காரின் முன்பக்கம், ரேடியேட்டரை ஒட்டி. கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியில். முதல் தடவை பார்க்கும் மெக்கானிக் ஒரு நிமிடம் விழிப்பார். ஆனால் கிளட்ச் மாற்ற வேண்டி வந்தால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டாம். பானெட்டைத் திறந்து முன்னால் நின்றபடியே மாற்றிவிடலாம். மற்ற பல கார்களில் அது ஒரு முழு நாள் வேலை.

பாதுகாப்பு விஷயத்திலும் அப்படித்தான். ஹெட்லைட்டுக்கு வைப்பர், சூடேறும் சீட், மெதுவாக இடித்தால் தானே பழைய வடிவத்துக்கு வரும் பம்பர், கதவுக்குள் எஃகுச் சட்டம் என்று 1970களின் தொடக்கத்திலேயே வரிசையாக வந்தன. ஸ்வீடன் சாலைகளில் பெரிய கடமான் குறுக்கே வந்து மோதுவது சகஜம். மோதினால் அதன் கால்கள் பம்பரில் அடிபட, உடல் நேராக முன் கண்ணாடி மேல் விழும். அதனால் கண்ணாடியின் இரு பக்கத் தூண்களை சாப் அந்தக் காலத்திலேயே மிகவும் பலமாகக் கட்டியது.

இனி டர்போ. 1970களில் விலை உயர்ந்த கார் என்றால் ஆறு சிலிண்டர் வேண்டும். புது ஆறு சிலிண்டர் இன்ஜின் செய்ய சாப்பிடம் பணம் இல்லை. இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின்தான் இருந்தது. பெர் கில்பிராண்ட் என்ற பொறியாளரின் குழு அதோடு ஒரு டர்போவைச் சேர்த்தது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி அது. டர்போ கார்கள் அதற்கு முன்பும் வந்திருந்தன. போர்ஷேவும் பிஎம்டபிள்யூவும் செய்தது உச்ச வேகத்துக்காக. சாப் கேட்டது வேறு. லாரியை முந்தும் அந்தச் சில நொடிகளில், குறைந்த இன்ஜின் வேகத்திலேயே இழுவை வேண்டும். அதற்காகச் சின்ன டர்போவைத் தேர்ந்தெடுத்து, அழுத்தம் எல்லை மீறாமல் வால்வ் வைத்துக் கட்டுப்படுத்தினார்கள். 1977-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 99 டர்போ வந்தது. அப்புறம் பெட்ரோலின் தரம் எப்படி இருந்தாலும் நாக்கிங்கை (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பதை) உணர்ந்து டர்போ அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏபிசி அமைப்பு வந்தது. இன்று சாதாரணக் குடும்பக் கார்களில்கூடச் சின்ன இன்ஜினும் டர்போவும் சேர்ந்து வருகின்றன. அந்தப் பாதையைத் தினசரி ஓட்டத்துக்கு ஏற்றதாக்கிக் காட்டியது சாப் என்று தயங்காமல் சொல்லலாம்.

1986 அக்டோபரில் அமெரிக்காவின் டல்லடேகா பந்தயத் தடத்தில் மூன்று 9000 டர்போ கார்களை, ஷோரூமில் விற்கும் நிலையிலேயே, ஒவ்வொன்றும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார்கள். முந்தி வந்த காரின் சராசரி வேகம், பெட்ரோல் போடவும் பராமரிக்கவும் நின்ற நேரத்தையும் சேர்த்து, மணிக்கு 213 கிலோமீட்டருக்கு மேல்.

அந்தக் காலத்தில்தான் விற்பனையும் உச்சத்துக்குப் போனது. 1987-ல் ஏறக்குறைய 1.34 லட்சம் கார்கள். சாப் வரலாற்றில் இதுதான் பிரச்சினையின் எண்.

உச்சத்திலேயே இருந்த ஓட்டை

புது மாடல் ஒன்றை உருவாக்க ஆகும் செலவு, பத்தாயிரம் கார் விற்றாலும் பத்து லட்சம் கார் விற்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். விபத்துச் சோதனை, புகைக் கட்டுப்பாட்டுச் சோதனை, அச்சு வார்ப்புகள், இன்ஜின் மேம்பாடு எதிலும் சின்னக் கம்பெனி என்று தள்ளுபடி கிடையாது. ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் கார் விற்பவர், அந்தச் செலவை அத்தனை கார்கள் மீது மட்டுமே ஏற்ற முடியும். சொந்த நாட்டிலேயே இருந்த போட்டியாளர் வோல்வோ அதைவிடப் பல மடங்கு விற்றுக்கொண்டிருந்தது.

இதன் தடயம் மாடல்களின் ஆயுளில் தெரியும். 96 என்ற கார் 1960-லிருந்து 1980 வரை ஓடியது. 900, 1978 முதல் 1993 வரை. அந்த 900-ஏ 99-லிருந்து வளர்ந்தது என்று பார்த்தால், அடித்தளத்துக்கு வயது 25. ரசிகர்கள் இதை உறுதி என்று கொண்டாடுவார்கள். கணக்குப் புத்தகத்தில் அது புதுசு செய்யக் காசில்லை என்பதன் அடையாளம். சாப் வாங்கியவர்கள் அதை நீண்ட காலம் வைத்து ஓட்டினார்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. பிரியம் அதிகமானால் அடுத்த கார் விற்பனை தள்ளிப்போகிறது. தொழில் நடத்துபவருக்கு அது ஒரு சங்கடம்தான்.

கூட்டுச் சேர்ந்து செலவைப் பகிரலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். 1984-ல் வந்த 9000 இத்தாலியின் ஃபியட் குழுமத்தோடு சேர்ந்து செய்த அடித்தளம். ஃபியட் குரோமா, லான்சியா தீமா, ஆல்ஃபா ரோமியோ 164 எல்லாம் அதே குடும்பம். ஆனால் இத்தாலியர்கள் செய்த வடிவம் சாப் பொறியாளர்களுக்குப் போதவில்லை. முன்பகுதியை மாற்றிக் கட்டினார்கள், கதவுகளைப் பலப்படுத்தினார்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்த கதவுகள்கூட உள்ளே வேறு. கார் அருமையாக வந்தது. பகிர்ந்ததில் மிச்சமாக வேண்டிய பணம்தான் பெரிதாக மிச்சமாகவில்லை.

இந்தப் பழக்கம் பிறகும் திரும்பத் திரும்ப வரும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் அது சாப் இல்லை. ஆனால் விலையை யாராவது கொடுத்தாக வேண்டும்.

1980களின் இறுதியில் டாலர் மதிப்பு விழுந்தது, அமெரிக்க விற்பனை சரிந்தது. சாப்பின் மிகப் பெரிய வெளிச் சந்தை அதுதான். அதே நேரத்தில் மால்மோ நகரில் மூடப்பட்ட ஒரு கப்பல் கட்டும் தளத்தில் அரசின் ஊக்கத்தோடு புது ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். 1989-ல் திறந்து 1991-ல் மூடிவிட்டார்கள். நஷ்டம் தாங்க முடியாத அளவுக்குப் போனது. தாய்க் கம்பெனியான சாப்-ஸ்கானியா, கார்ப் பிரிவைத் தனியாகப் பிரித்து, அதில் பாதியை ஜெனரல் மோட்டார்ஸுக்கு 60 கோடி டாலருக்கு விற்றது. இந்த ஒப்பந்தம் 1989 டிசம்பரில் முடிவானது. மீதிப் பாதியை ஜெனரல் மோட்டார்ஸ் 2000-ல் வாங்கியது. அப்போது கொடுத்தது 12.5 கோடி டாலர். பத்தே ஆண்டுகளில் பாதிக் கம்பெனியின் விலை எங்கே வந்து நின்றது என்று பாருங்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் கையில் 20 ஆண்டுகள்

1993-ல் வந்த புது 900, ஓப்பல் வெக்ட்ராவின் அடித்தளத்தில் நின்றது. பெயர் பழையது, சாவி பழைய இடத்தில், வடிவமும் சாயல் மாறாமல். ஓட்டிப் பார்த்தவர்கள் வித்தியாசத்தை உணர்ந்தார்கள். 1998-ல் அதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களோடு 9-3 என்று பெயர் மாற்றி விற்க வேண்டி வந்தது.

1997-ன் 9-5 நல்ல கார் என்று அடித்துச் சொல்வேன். பின்னாலிருந்து மோதினால் தலைச்சாய்வு தானே முன்னே வந்து கழுத்தைத் தாங்கும் அமைப்பு, காற்றோட்டம் உள்ள சீட் இரண்டும் அதில் வந்தன. நைட் பேனல் என்ற ஒரு பொத்தான் உண்டு. இரவில் அதை அழுத்தினால் டாஷ்போர்டின் எல்லா விளக்குகளும் அணைந்துவிடும். வேகமானி மட்டும், அதுவும் மணிக்கு 140 கிலோமீட்டர் வரையிலான பகுதி மட்டும், ஒளிரும். பெட்ரோல் குறைந்தாலோ இன்ஜின் சூடேறினாலோ அந்தந்த முள் தானே விழித்துக்கொள்ளும். இருட்டில் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று யோசித்த ஒருவர்தான் இதைச் செய்திருக்க முடியும்.

ஆனால் அந்த 9-5-க்கு அடுத்த தலைமுறை வர 2010 ஆனது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே கார். பிஎம்டபிள்யூ, ஆடி, மெர்சிடிஸ் அதே காலத்தில் தங்கள் காரை இரண்டு தலைமுறை மாற்றிவிட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் செய்த மிகப் பெரிய கெடுதல் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன். அவர்கள் சாப்பைத் தன் போக்கில் விடவும் இல்லை, முதல் போட்டு வளர்க்கவும் இல்லை.

2002-ல் வந்த புது 9-3-ல், சாப் பிரியர்கள் உயிராக நினைத்த ஹேட்ச்பேக் கதவையே எடுத்துவிட்டு சாதாரண டிக்கி வைத்தார்கள். அடித்தளம் ஜெனரல் மோட்டார்ஸின் பொது அடித்தளம்தான், ஆனால் ட்ரோல்ஹெத்தன் பொறியாளர்கள் பழையபடி அதைக் கணிசமாக மாற்றினார்கள். தலைமையகத்துக்குக் கோபம், ஆலைக்குப் பெருமை, கஜானாவுக்குச் செலவு.

அமெரிக்க டீலர்கள் புது மாடல் கேட்டு நச்சரித்தார்கள். செலவில்லாமல் கொடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சுபாரு இம்ப்ரெசாவின் முகத்தை மாற்றி 9-2எக்ஸ் என்றும், அமெரிக்காவின் ஒஹாயோவில் செய்யப்பட்ட செவர்லே டிரெயில்பிளேசரை மாற்றி 9-7எக்ஸ் என்றும் விற்றார்கள். 9-7எக்ஸ் ஒரு கனத்த எஸ்யூவி, வி8 இன்ஜின்கூட உண்டு. அதிலும் சாவித் துளையை மட்டும் சீட்டுகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தார்கள். பல ஆண்டுகள் கட்டி எழுப்பிய குணத்தை ஒரு சாவித் துளைக்குள் அடக்கிவிடலாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இத்தனைக்கும் 2006-ல் விற்பனை சுமார் 1.33 லட்சம். மோசமில்லை என்று தோன்றும். ஆனால் அது 1987-ல் இருந்த அதே எண். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஒரு கார் உருவாக்கும் செலவு எங்கேயோ போய்விட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் காலத்தில் சாப் லாபம் காட்டிய ஆண்டுகள் மிகச் சில.

யாருக்கு விற்பது, எதை விற்பது

2008 நெருக்கடியில் ஜெனரல் மோட்டார்ஸே தள்ளாடியது. 2009 ஜூனில் திவால் பாதுகாப்புக்குப் போனது. அதற்கு முன்பே சாப்பைக் கைகழுவ முடிவு செய்துவிட்டார்கள். 2009 பிப்ரவரியில் சாப் கடன் மறுசீரமைப்புக்கு நீதிமன்றம் போனது. ஸ்வீடன் அரசு காப்பாற்றும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். தொழில் அமைச்சர் மௌட் ஊலோஃப்சன், கார் ஆலையை நடத்துவது அரசின் வேலையில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த ஆண்டு விற்பனை 40,000 அளவுக்கு விழுந்தது.

முதலில் முன்வந்தது கோனிக்செக் குழு. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு சூப்பர் கார் செய்யும் ஸ்வீடன் கம்பெனி. நவம்பரில் அவர்கள் விலகிக்கொண்டார்கள். டிசம்பரில் சீனாவின் பெய்ஜிங் ஆட்டோ நிறுவனமான பாய்க், பழைய 9-3, பழைய 9-5 ஆகியவற்றின் தொழில்நுட்ப உரிமையை சுமார் 20 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டு போனது. இந்த விற்பனையைக் கவனிக்க வேண்டும். சாப்பிடம் விற்கக்கூடியதாக இருந்தது பழைய கார்களின் வரைபடம்தான். அதுவும் போனது.

2010 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் கம்பெனி சாப்பை வாங்கியது. அதன் தலைவர் விக்டர் முல்லர். ஸ்பைக்கர் அதற்கு முந்தைய ஆண்டில் விற்ற கார்கள் ஐம்பதுக்கும் குறைவு. ரொக்கமாக 7.4 கோடி டாலர், மீதி முன்னுரிமைப் பங்குகள். ஐரோப்பிய முதலீட்டு வங்கி 40 கோடி யூரோ கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்கு ஸ்வீடன் அரசு ஜாமீன் நின்றது, பிணையாக சாப்பின் உதிரிபாகக் கம்பெனியை எழுதி வாங்கிக்கொண்டது.

சரி, ஸ்பைக்கர் வாங்கியது என்ன? ஆலை, பெயர், ஆட்கள். புது 9-5 ஜெனரல் மோட்டார்ஸின் அடித்தளம், ஜெனரல் மோட்டார்ஸின் இன்ஜின், உரிமக் கட்டணம் செலுத்திச் செய்ய வேண்டிய கார். 9-4எக்ஸ் என்ற எஸ்யூவியை மெக்சிகோவில் ஜெனரல் மோட்டார்ஸே செய்து கொடுத்தது. ஓடிக்கொண்டிருந்த 9-3-க்கும் அதே கதை. முல்லருக்கு இது தெரியாமல் இல்லை. சொந்தமாக ஒரு புது 9-3, பீனிக்ஸ் என்ற சொந்த அடித்தளம், பிஎம்டபிள்யூவிடமிருந்து 1.6 லிட்டர் டர்போ இன்ஜின் என்று திட்டம் சரியாகத்தான் இருந்தது. அது சந்தைக்கு வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். 2010-ல் 50,000 கார் விற்போம் என்று கணக்குப் போட்டார்கள். விற்றது 32,000-ஐ ஒட்டி. ஓராண்டு தள்ளாடிய கம்பெனியின் காரை யார் துணிந்து வாங்குவார்?

சம்பளமில்லாத கோடை

2011 மார்ச் கடைசியில் உதிரிபாகம் சப்ளை செய்பவர்கள் பாக்கி வராததால் லாரிகளை நிறுத்தினார்கள். உற்பத்தி நின்றது. நடுவில் சில நாட்கள் ஓடி மறுபடி நின்றது. மே மாதம் ஹாவ்டாய் என்ற சீனக் கம்பெனியோடு ஒப்பந்தம் அறிவித்து, பத்து நாட்களுக்குள் அது முறிந்தது. அடுத்து பாங் டா என்ற சீன விற்பனை நிறுவனம் கார்களுக்கு முன்பணமாக 3 கோடி யூரோ கொடுத்தது. யங்மேன் என்ற இன்னொரு கம்பெனியும் சேர்ந்துகொண்டது. ஜூனில் ஊழியர்களுக்குச் சம்பளம் போட முடியவில்லை. ஆலையின் கட்டடமும் நிலமும் இருந்த கம்பெனியில் பாதிக்கு மேல் விற்று 25.5 கோடி ஸ்வீடன் குரோனா திரட்டினார்கள். அது சில வாரங்களுக்குக் காணும்.

செப்டம்பரில் மறுசீரமைப்புக் கோரிக்கையை மாவட்ட நீதிமன்றம் மறுத்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. பாங் டாவும் யங்மேனும் முழுக் கம்பெனியையும் வாங்கத் தயார் என்று கையெழுத்துப் போட்டார்கள். பணம் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, ஆலை இருக்கிறது, வேலை தெரிந்தவர்கள் வாசலில் காத்திருக்கிறார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் மறுத்தது. சாப்பின் உரிமை சீனக் கம்பெனிகள் கைக்குப் போனால் தன் தொழில்நுட்ப உரிமத்தைத் தொடர மாட்டேன், 9-4எக்ஸ் செய்து தர மாட்டேன் என்று சொல்லிவிட்டது. அதன் கோணத்திலிருந்து பார்த்தால் காரணம் இருந்தது. சீனாவில் ஷாங்காய் நிறுவனத்தோடு கூட்டு வைத்து ஜெனரல் மோட்டார்ஸ் விற்கும் ப்யூக் கார்களும் புது 9-5-ம் ஒரே அடித்தளம். தன் தொழில்நுட்பத்தைத் தன் போட்டியாளருக்கே கொடுக்க அது ஏன் சம்மதிக்கும்? பங்கு விகிதத்தை மாற்றி, வங்கியை நடுவில் நிறுத்தி, வேறு வேறு வடிவங்களில் கேட்டுப் பார்த்தார்கள். டிசம்பர் 17 அன்றும் பதில் அதேதான். இரண்டு நாள் கழித்து திவால் மனு. அதுவரை செய்த 9-4எக்ஸ் கார்கள் மொத்தமே ஆயிரத்துக்கும் குறைவு.

முல்லர் மீது ஆயிரம் விமர்சனம் உண்டு. வாரத்துக்கு ஒரு நம்பிக்கை கொடுத்து ஊழியர்களை அலைக்கழித்தார் என்பதில் நியாயமும் உண்டு. ஆனால் அவர் இடத்தில் யார் இருந்தாலும் அந்த டிசம்பரில் இதே சுவரில்தான் முட்டியிருப்பார்கள்.

வோல்வோவுக்கு மட்டும் எப்படி முடிந்தது

இதே 2010-ல், இதே ஸ்வீடனில், ஃபோர்டு வோல்வோவைச் சீனாவின் ஜீலிக்கு விற்றது. வோல்வோ பிழைத்தது, வளர்ந்தது. ஸ்வீடன் கார், அமெரிக்க உரிமையாளர், சீன வாங்குநர். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே கதை.

வித்தியாசம் இரண்டு. வோல்வோ 2009-ன் மோசமான சந்தையிலும் சுமார் 3.3 லட்சம் கார் விற்றது, சாப்பைவிட எட்டு மடங்கு. அடுத்தது அதைவிட முக்கியம். ஃபோர்டு விற்றபோது வோல்வோ தன் கார்களைத் தொடர்ந்து செய்யத் தேவையான தொழில்நுட்ப உரிமைகளும் பேசி முடிக்கப்பட்டே கைமாறின. ஃபோர்டு குடும்பத்தில் இருந்த காலத்திலும் பாதுகாப்பு ஆய்வும் பொறியியலும் வோல்வோவின் சொந்த ஊரான கோதன்பர்க்கிலேயே கனமாக இருந்தன. ஜீலி பணம் கொடுத்தது, கோதன்பர்க்கில் இருந்தவர்கள் புது அடித்தளம் வரைந்தார்கள், 2014-ல் புது எக்ஸ்சி90 வந்தது. சாப்பின் பொறியாளர்கள் திறமையில் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் வரைந்த பீனிக்ஸ் காகிதத்தைத் தாண்டி ஆலைக்கு வர இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த இரண்டு ஆண்டுகளுக்கான சாவி டெட்ராய்ட்டில், ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகத்தில் இருந்தது.

மிஞ்சியவை

பாய்க் வாங்கிய பழைய 9-5-ன் தொழில்நுட்பம் சீனாவில் செனோவா என்ற பெயரில் புதுக் காராக வந்தது. ட்ரோல்ஹெத்தன் ஆலையை 2012-ல் நெவ்ஸ் என்ற கம்பெனி மின்சாரக் கார் செய்யும் திட்டத்தோடு வாங்கியது. 2013 இறுதியில் பழைய 9-3-ஐ மறுபடி செய்யத் தொடங்கினார்கள். அதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் உரிமம் தேவைப்பட்ட பாகங்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. 2014 மே மாதத்தில் பணம் தீர்ந்து நின்றது. விமானம் கட்டும் சாப் நிறுவனம் இன்றும் நன்றாக இருக்கிறது; அது தன் பெயரைப் பயன்படுத்தும் அனுமதியை நெவ்ஸிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. அப்புறம் சாப் என்ற பெயரில் கார் வரவில்லை. நெவ்ஸை சீனாவின் எவர்கிராண்ட் குழுமம் வாங்கி, எவர்கிராண்டே கவிழ்ந்து, 2023-ல் அந்த ஆலையின் வேலையும் அடங்கியது.

அருங்காட்சியகத்தில் இருந்த கார்களைத் திவால் நிர்வாகிகள் தனித்தனியாக விற்கப் பார்த்தார்கள். ட்ரோல்ஹெத்தன் நகராட்சி, விமான நிறுவனமான சாப், வாலன்பெரி குடும்பத்தின் அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து 2.8 கோடி குரோனா கொடுத்து மொத்தத்தையும் வாங்கின. 1946-ல் முடித்த முதல் மாதிரிக் கார் அந்த ஊரிலேயே இருக்கிறது.

திவாலில் சிக்காமல் தப்பியது ஒன்றே ஒன்று, உதிரிபாகக் கம்பெனி. கடனுக்குப் பிணையாக இருந்ததால் அது ஸ்வீடன் அரசின் கைக்குப் போனது, பெயர் ஓரியோ என்று மாறியது. கார் ஆலையை நடத்த மாட்டோம் என்ற அரசு, கடைசியில் சாப் கார்களுக்கு பிரேக் பேடும் கிளட்ச் பிளேட்டும் விற்கும் கடையின் முதலாளி ஆனது. அது லாபத்தில் ஓடவும் செய்தது, ஏனென்றால் சாப் வைத்திருந்தவர்கள் தங்கள் கார்களை விடுவதாக இல்லை.